கோட்டின் நடுவில் கப்பல் நிற்காது

வாளையார் எல்லைச் சோதனைச் சாவடியில் லாரிகள் காற்றுப் பிரேக்கை விடும் சீறலைக் கேட்டால் என் உள்ளங்கால்தான் முதலில் விழித்துக்கொள்ளும். எங்கள் கடலடி ஆய்வுக் கப்பலின் பின்னால் நாங்கள் இழுத்துப்போகும் காற்றுத் துப்பாக்கிகள் நீருக்குள் வெடிப்பதை இத்தனை வருடமும் கால்வழியாகவே கேட்டிருக்கிறேன். வெடிக்கும், கடலடிப் பாறைகள் எதிரொலிக்கும், வாலாக நீளும் கேபிள் அதைப் பிடித்துக்கொள்ளும். வெடி, எதிரொலி, வெடி, எதிரொலி. தூக்கத்திலும் அதுதான்.

இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே நிலமாக இருந்து பிரிந்தவை. கண்டத்தின் ஓடு எங்கே மெலிந்து முடிகிறது, கடலின் ஓடு எங்கே தொடங்குகிறது என்று தேடுவது எங்கள் வேலை. தெளிவான எல்லை ஒருநாளும் கிடைத்ததில்லை. இழுபட்டு, நொய்ந்து, எரிமலைக் குழம்பு ஊறி, இரண்டிலும் சேராத நீண்ட பரப்புதான் கிடைக்கும். மேலே இருப்பவர்கள் வரைபடத்தில் ஒரு கோடு கேட்பார்கள். போட்டுக் கொடுப்போம். அடுத்த பயணம் அதை நகர்த்திவிடும்.

அந்தக் காலையில் எனக்கு எந்தக் கோட்டிலும் ஆசை இல்லை. என் மனைவிக்குக் கர்ப்பப்பை அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். கப்பல் அதற்கு முன்பே கிளம்புகிறது. பாலக்காட்டுச் சித்தூரில் பஸ்ஸைத் தவறவிட்டு, ஸ்கூட்டரில் வாளையார் வந்து, கோயம்புத்தூர் பஸ்ஸுக்காக நின்றோம்.

"ஏனுங்க, நடுவுல வந்தர முடியாதுங்களா?"

"கேபிள எறக்கிட்டாக் கப்பல் நிக்கக் கூடாது கண்ணு. நின்னா அத்தனையும் முங்கிப் போகும். திரும்பறதுக்கே அரை நாளாகும்."

"எருமைகூடக் கூப்பிட்டாத் திரும்பிப் பாக்குமுங்க."

சிரித்தேன். சிரிப்பதும் அலுப்பாக இருந்தது.

"டாக்டர்கிட்டச் சொல்லித் தள்ளிப் போடலாமா?"

"தள்ளித் தள்ளித்தான் இப்பிடி ஆயிருச்சு. நீங்க தேடற அந்த ரெண்டு நெலமும் பிரிஞ்சு எத்தனை கோடி வருசமாச்சு? ஒரு மாசத்துல எங்கீங்க ஓடிப் போகுது? எனக்குத்தானுங்க ரத்தம் போகுது."

ஒரு சிமெண்ட் லாரி எங்களைத் தூசியால் மூடிவிட்டுப் போனது. ஆள் மாற்றும் படகைப் பற்றி நான் வீட்டில் சொன்னதே இல்லை. பயணத்தின் பாதியில், கப்பல் ஓடும்போதே பக்கத்தில் வந்து ஒட்டும் அந்தப் படகில் இறங்கிவிடலாம். ஆனால் அப்படி இறங்குகிறவனை அடுத்த பயணத்துக்கு எளிதில் கூப்பிட மாட்டார்கள். கடல் இல்லாத என்னை எனக்கே தெரியாது. இருந்தும் சொன்னேன்.

"நடுவுல ஒரு படகு வரும். அதுல எறங்கி வந்தர்றேன்."

அவள் நம்பாமல் பார்த்தாள். பிறகு நம்பினாள். பஸ் வந்தது. படியில் ஏறிய என்னிடம் பையை நீட்டினாள்.

"எறங்குனதும் நேரா ஆசுபத்திரிக்கு ஓடியாந்தராதீங்க. குளிச்சுட்டு வாங்க. அந்த டீசல் நாத்தத்தோட வந்தா, டாக்டரு உங்களத்தான் மொதல்ல படுக்க வெப்பாரு."