இணைக்கப்பட்ட படம் தெளிவாக இல்லை

மூன்று வருடங்களுக்கு முன், மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அரூரில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து முப்பத்திரண்டு வரிகளைப் படித்தேன். எல்லாம் சரியான வரிகள். படித்து முடித்ததும் அவற்றைத் திருப்பி அனுப்பினேன். நடந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் அதிலிருந்து வந்தவை.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கணிதத்தில் முதுகலை படித்துவிட்டு முப்பத்து நான்கு வருடம் கோப்புகளில் குறிப்பு எழுதினேன். எங்கள் அலுவலகத்துக்குக் கணினி வந்தபோது மற்றவர்கள் அதைத் தொடப் பயந்தார்கள். எனக்குப் பிடித்துப்போனது. சொன்னதை மட்டும் செய்யும், விடுப்பு கேட்காது. புத்தகம் வாங்கி நிரல் எழுதவும் கற்றுக்கொண்டேன்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு மென்பொருள் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். கணினித் திரையில் இருப்பதைத் தமிழில் வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் அது. பார்வையற்றவர்களுக்காக உருவானது, இலவசம். அதன் நிரல் முழுவதும் இணையத்தில் திறந்து கிடக்கும். குறை கண்டவர் யாராக இருந்தாலும் தாமே திருத்தி அனுப்பலாம். ஆனால் வந்த திருத்தத்தை ஒருவர் சரிபார்த்து ஒப்புக்கொண்டால்தான் அது மென்பொருளில் சேரும். தமிழ்ப் பகுதிக்கு அந்த ஒருவர் நான். சம்பளம் கிடையாது, ஓய்வு பெறும் வயதும் கிடையாது. இதைவிட நல்ல பதவி எனக்கு வாய்த்ததில்லை.

நான் போனபோது அங்கே ஒழுங்கு என்று ஒன்றும் இல்லை. ஆளாளுக்கு ஒற்றை வரி எழுதித் திருத்தத்தை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு படிவம் தயாரித்தேன். பதினோரு இனங்கள். திருத்தத்தின் சுருக்கம், காரணம், பரிசோதித்த விதம் என்று வரிசையாகப் போகும். ஒன்பதாவது இனம், திருத்துவதற்கு முன்னும் பின்னும் திரை எப்படித் தெரிகிறது என்பதற்கான படம். எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு ஓய்வு நாளன்று போட்ட மாலையைவிட அந்தப் பாராட்டு இனித்தது.

அந்த மாசி மாதத்தில் வந்த திருத்தம், அட்டவணைகளைப் பற்றியது. ஏதாவது அட்டவணை குறுக்கிட்டால், எங்கள் மென்பொருள் இடது ஓரக் கட்டங்களை மட்டும் படித்துவிட்டு, அதோடு முடிந்தது போல அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். விட்டுவிட்டேன் என்று சொல்லவும் சொல்லாது. கேட்பவருக்கு, வலப்பக்கம் இன்னும் இருக்கிறது என்பதே தெரியாது. பல வருடமாக இருந்த குறை. அதை ஒருவர் முப்பத்திரண்டு வரிகளில் தீர்த்திருந்தார். பெயருக்குப் பதில் ஏதோ ஒரு பறவையின் பெயரை வைத்திருந்தார். இணையத்தில் அது வழக்கம். சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் இளைஞர் என்று நினைத்துக்கொண்டேன்.

திருத்தம் சரி என்று முதல் நாளே தெரியும். ஆனால் காரணம் என்ற இனத்தில், 'வேலை செய்யவில்லை, சரிசெய்தேன்' என்று மட்டும் இருந்தது. விரிவாக எழுதும்படி திருப்பினேன். எழுதி அனுப்பினார். கூடவே இன்னொரு சிறிய குறையையும் திருத்தியிருந்தார். ஒரு சமர்ப்பிப்பில் ஒரு திருத்தம்தான் இருக்க வேண்டும் என்று திருப்பினேன். பிரித்து அனுப்பினார். பரிசோதனை நிரல் இல்லை என்று திருப்பினேன். அது நியாயமான ஆட்சேபணை, இன்றும் சொல்வேன். பரிசோதனை நிரல் வந்தது. அதன் கோப்புப் பெயர் எங்கள் முறைப்படி இல்லை என்று திருப்பினேன். அது நியாயமில்லை. நானே பத்து விநாடியில் பெயரை மாற்றியிருக்கலாம்.

காப்பியைக் கொண்டுவந்து வைத்த என் மனைவி திரையை எட்டிப் பார்த்தாள்.

"ரிட்டயர்டு ஆகியும் யாரையோ நடக்க வுட்டுக்கிட்டுத்தான் இருக்கறீங்க."

"இதுல யாரும் நடக்க வேண்டியதில்ல. எல்லாம் ஆன்லைன்."

"அப்ப ஒக்கார வெச்சே நடக்க வுடறீங்க."

பெயரை மாற்றி அனுப்பியபோது அவர் கீழே இரண்டு வரி சேர்த்திருந்தார். அடுத்த வெளியீட்டில் இது வந்துவிட்டால் உதவியாக இருக்கும், இதற்காக ஒருவர் காத்திருக்கிறார் என்று. வெளியீடு என்பது அதுவரை சேர்ந்த திருத்தங்களையெல்லாம் தொகுத்து எல்லோருடைய கணினிக்கும் அனுப்புவது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும். அடுத்தது சித்திரைக் கடைசியில். நான் பதில் எழுதினேன்: 'அவசரம் என்பதற்குப் படிவத்தில் இனம் இல்லை. ஒன்பதாவது இனத்தில் படம் இணைக்கப்படவில்லை.'

நான்கு நாளில் படம் வந்தது. திறந்து பார்த்தால் முழுக் கறுப்பு. ஓரத்தில் ஒரு புள்ளி வெளிச்சம்கூட இல்லை. எனக்குக் கோபம் வந்தது. பணியில் இருந்தபோது ஒருவர் வருமானச் சான்றுக்குப் பதிலாக வெற்றுத்தாளை இணைத்து என்னைக் கேலி செய்தது ஞாபகம் வந்தது. அவருக்கு எழுதிய அதே நடையில் இவருக்கும் எழுதினேன்: 'இணைக்கப்பட்ட படம் தெளிவாக இல்லை. தெளிவான படத்துடன் மீண்டும் சமர்ப்பிக்கவும்.'

பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சித்திரைக் கடைசியில் வெளியீடு, அந்த முப்பத்திரண்டு வரிகள் இல்லாமல் போயிற்று.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. 'ஐயா, வணக்கம். எனக்குப் பார்வை கிடையாது. நான் எழுதுவதைப் பக்கத்தில் இருப்பவர்கள் படிக்காமல் இருக்க, கணினித் திரையைக் கறுப்பாக்கியே வைத்திருப்பேன். படம் எடுக்கும்போது அதை மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லவும் அப்போது ஆள் இல்லை. ஊருக்குப் போயிருந்த தங்கை வந்த பிறகு, இன்று எடுத்து இணைத்திருக்கிறேன். இப்போது தெளிவாக இருக்கிறதா?'

மிகத் தெளிவாக இருந்தது.

பார்வையற்றவர்களுக்கான மென்பொருளில், திருத்தம் அனுப்புகிறவர் திரையைப் பார்த்துப் படம் பிடித்துக் காட்ட வேண்டும் என்று விதி எழுதியவன் நான். அதைப் பாராட்டியவர்கள் எல்லோரும் கண் தெரிந்தவர்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாய்விட்டுப் படிக்கும் அந்த மென்பொருளை நான் ஒலியை அணைத்துவைத்துத்தான் சரிபார்ப்பேன். என்ன படிக்கிறது என்பது திரையில் எழுத்தாகவும் ஓடும், எனக்கு அது போதும். வீட்டில் தொந்தரவு இருக்காது.

நான்கு நிமிடத்தில் திருத்தத்தை ஒப்புக்கொண்டேன். மற்ற பத்து இனங்களை நான் பார்க்கவே இல்லை. ஆனால் வெளியீடு போய்விட்டது. அடுத்தது ஆவணியில். மன்னிப்புக் கேட்டுவிட்டு, காத்திருப்பவர் யார் என்று கேட்டேன். பொம்மிடியில் ஒருவர் என்று பதில் வந்தது. அரூரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்து.

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், உரக்கடை ஒன்றின் மாடியில், ஓர் அறக்கட்டளை நடத்தும் படிப்பகம். ஒரே ஒரு கணினி. புதிய நிரலைப் பென் டிரைவில் கொண்டுபோயிருந்தேன். பொறுப்பாளர் அதை வாங்கவே இல்லை. அதிகாரப்பூர்வ வெளியீட்டைத் தவிர எதையும் அந்தக் கணினியில் ஏற்றக்கூடாது என்பது அவர்கள் விதி.

"எழுதிக் குடுங்க சார். மேல அனுப்பறேன்," என்றார்.

அந்த வாக்கியத்தை நான் முப்பத்து நான்கு வருடம் சொல்லியிருக்கிறேன். எதிரில் நின்று கேட்டது அன்றுதான். மனு எழுதினேன், எந்தப் பிழையும் இல்லாத மனு. அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து அந்தப் பறவைப் பெயர்க்காரர் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். நான் நினைத்த இளைஞர் அல்ல, நாற்பதைத் தொடும் பெண். அரசுப் பள்ளியில் ஆசிரியை. நான் யாரென்று சொன்னதும் சிரித்தார்.

"நீங்கதானா சார் அந்தப் பதினோரு இனம்? கொரலு அவ்ளோ கடுமையா இல்லீங்களே."

"மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"என்னன்னுங்க? கண்ணு தெரியாதவங்க சாப்ட்வேர்ல, எனக்குக் கண்ணு தெரியாதுன்னு மனு குடுக்கணுங்களா?"

சிரிப்பு மாறாமல்தான் கேட்டார்.

காத்திருந்தவர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஏறக்குறைய அதே வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. ரயிலில் செல்போன் கவர், இயர்போன், சீப்பு விற்பவர். இரண்டு வண்டிகளுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் படிப்பகத்துக்கு வந்து எழுத்தர் வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். வயது வரம்பின்படி அதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு. சொந்தக் கணினி கிடையாது, கையில் பட்டன் போன். ஆசிரியையின் மடிக்கணினியில் திருத்திய நிரல் இருந்தது. ஆனால் அது பள்ளிக்கும் அவருக்கும் தேவை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொண்டுவருவார்.

"இந்தக் கம்ப்யூட்டரு ஆறுங்க பேரெல்லாம் சொல்லுச்சுங்க சார்," என்றார் அவர். "எங்க பொறக்குது, எங்க போயிச் சேருதுன்னு சொல்லவே இல்ல. பரீட்சைக்கு இவ்ளோதான் போலன்னு எட்டு மாசம் மனப்பாடம் பண்ணிட்டேன். டீச்சரு ஒரு நாளு கூட ஒக்காந்து கேட்டப்பதான், அய்யோ அண்ணா, பக்கத்துல இன்னும் மூணு கட்டம் இருக்குதுன்னாங்க."

"ஆத்துப் பேராவது தெரியுதில்லண்ணா," என்றார் ஆசிரியை.

"தெரியுது. எதுலயாச்சும் குதிச்சர்லாம்."

இருவரும் சிரித்தார்கள். தேர்வுக்கு இருபது நாள் இருந்தது.

என்னால் முடிந்தது ஒன்றுதான். பாடக் குறிப்புகளில் இருந்த அட்டவணைகளை எல்லாம் அச்செடுத்துக்கொண்டு, முடிந்த நாட்களில் பொம்மிடிக்குப் போய் அவருக்குப் படித்துக் காட்டினேன். பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வோம். நான் நிறுத்தி நிதானமாகப் படித்தேன். அவர் பொறுத்துப் பார்த்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. கம்ப்யூட்டரு மாதிரி வேகமாப் படிங்க. இப்பிடி இழுத்தா எனக்குத் தூக்கம் வருது."

எவ்வளவு வேகமாகப் படித்தாலும் அவருக்குப் போதவில்லை. என் நாக்கு குழறும், மூச்சு வாங்கும். வண்டி வரும் அறிவிப்பு கேட்டால் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். "மொரப்பூர் வரைக்கும் போயிட்டு வந்தர்றேன். எந்தக் கட்டத்துல வுட்டோம்னு வெரல வெச்சுக்கங்க." நான் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில நாள் அவர் திரும்பி வரும் வண்டி தாமதமாகும். தண்டவாளத்தில் வெயில் பட்டுக் கண் கூசும். அந்த இடைவெளிகளில் நான் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். முதல் நாளே ஒப்புக்கொண்டிருந்தால் மாசிக் கடைசிக்குள் திருத்தம் சேர்ந்திருக்கும், வெளியீட்டோடு போயிருக்கும், இந்தக் கட்டங்களை அவர் இந்நேரம் தானே மூன்று முறை கேட்டு முடித்திருப்பார். இந்தக் கணக்கில் தவறு கண்டுபிடிக்க எவ்வளவோ முயன்றேன்.

ஒன்பது நாள் படித்தோம். அட்டவணைகள் பாதிகூட முடியவில்லை.

கார்த்திகையில் முடிவு வந்தது. ஆசிரியைதான் தொலைபேசியில் சொன்னார். "நாலு கேள்வில போயிருச்சுங்க சார்." எந்த நான்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்த முப்பத்திரண்டு வரிகள் ஆவணி வெளியீட்டிலேயே எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருந்தன. படிப்பகத்துக் கணினியும் இப்போது எல்லாக் கட்டங்களையும் படிக்கிறது. அவருக்கு இனிமேல் அங்கே போக வேண்டிய வேலை இல்லை.

படிவத்திலிருந்து ஒன்பதாவது இனத்தை நீக்கினேன். அதற்கு நான் படிவம் எதுவும் நிரப்பவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இப்போது ஒலியைப் போட்டுத்தான் சரிபார்க்கிறேன். அந்த ஆசிரியையிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு திருத்தமும் வரவில்லை. அவர் எங்கள் மேல் கோபமாக இருப்பதாகத் தெரியவில்லை. தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினால் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பதில் வந்துவிடும். நிரல் மட்டும் வருவதில்லை.

சென்ற தை மாதம் கோவையில் ஒரு கல்யாணத்துக்காக மொரப்பூரில் ரயில் ஏறினேன். வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில், "கவரு, இயர்போனு, சீப்பு" என்ற குரல் அடுத்த பெட்டியிலிருந்து வந்தது. அவர்தான். ஒரு கையால் இருக்கைகளைத் தொட்டுத் தொட்டு நடந்து வந்தார். என் வரிசைக்கு வந்ததும் நின்று, "சார், மேடம், ஏதாச்சும் வேணுங்களா?" என்று பொதுவாகக் கேட்டார். ஒரு வார்த்தை பேசினால் போதும், குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுகொள்வார். சந்தோஷமாகக்கூடப் பேசுவார் என்றுதான் நினைக்கிறேன். நான் வாயைத் திறக்கவில்லை. அவருடைய பை என் முழங்காலை உரசிக்கொண்டு போயிற்று. பொம்மிடியில் அவர் இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எதிரில் இருப்பதைச் சொல்லாமல் தாண்டிப் போகும் குறையை அந்த மென்பொருளிலிருந்து ஒரு பெண் முப்பத்திரண்டு வரிகளில் எடுத்துவிட்டார். என்னிடம் அது இன்னும் அப்படியே இருக்கிறது.