ஆம்பூரில் இறங்கிய நவாப்பின் சிப்பாய்

நான் ஆம்பூரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, தோல் பதனிடும் ஷெட் ஒன்றில் மேஸ்திரியாக இருந்த நண்பர் ஒரு நாவல் எழுதினார். ஆற்காட்டு நவாப்பின் சிப்பாய் ஒருவன், ஹக்கீம் வைத்தியர் ஒருவர் செய்த யந்திரத்தில் ஏறி, நூற்றைம்பது வருஷம் தாண்டி எங்கள் காலத்து ஆம்பூரில் இறங்குகிறான். அதைச் சென்னைக்குக் கொண்டுபோய், பதிப்பாளர் ஒருவரிடம் தாமே படித்துக் காட்டுவதாக ஏற்பாடு. அதற்குள் என் அபிப்பிராயம் வேண்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை ஷெட்டுக்கு விடுமுறை. மாலையில் என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இன்னா வாத்தியாரே, படிச்சாச்சா?"

படித்திருந்தேன். ஏமாற்றம்தான். சிப்பாய் ரயிலைப் பார்த்து ஒரு பக்கம் முழுக்க வியக்கிறான். மோட்டாரைப் பார்த்து ஒரு பக்கம். எதிலும் உயிரில்லை. அதைச் சொல்லத் தயங்கி, வேறொரு குறையைச் சொன்னேன்.

"பாய், உங்க ஷெட்டு வாசல்லயே இறங்கறான். மூக்கைப் பிடிக்கவே இல்லையே?"

"எதுக்குப் பிடிக்கணும்?"

"நாத்தத்துக்கு."

"இன்னா நாத்தம்?"

வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தேன். இல்லை. தோல் ஊறும் தொட்டிகளின் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த புதிதில், அந்த நாற்றத்தில் மோரைத் தவிர எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. சொன்னதும் சிரித்தார்.

"உங்க ஊர்ல மூக்கு கொஞ்சம் ஜாஸ்தி, வாத்தியாரே."

"ரயில்ல வர்றவங்க இங்க வந்ததும் துண்டால மூக்கை மூடறாங்களே?"

"அது கரிப்புகைக்கு."

"காட்பாடியில புகை இல்லையா? அங்க யாரும் மூடறதில்லையே."

சிரிப்பு நின்றது. சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

"மெட்ராஸ் டிராம்ல நான் உக்காந்தா பக்கத்து ஆளு எழுந்துக்குவான். மரியாதை குடுக்கறான்னு ஊட்ல கூடச் சொல்லிக்கினு இருந்தேன்."

நாவலை வாங்கிக்கொண்டு போனார்.

நாவலைத் திருத்தி மறுபடி கொண்டுவந்தார். ரயிலும் மோட்டாரும் அப்படியே இருந்தன. ஷெட் வாசல் பக்கத்தைப் புரட்டினேன். சிப்பாய் அப்போதும் மூக்கைப் பிடிக்கவில்லை.

"இதை மாத்தலையா, பாய்?"

"நான் கூப்ட்டு வந்தவன் அவன். என் வாசல்ல நின்னுக்கினு மூக்கை மூடுவானா?"

சென்னைப் பயணத்தை நிறுத்திவிட்டு, நாவலைத் தபாலில் அனுப்பினார்.