சித்தப்பாவின் மூச்சு

கைக்குட்டையில் சுற்றிய ஒலிப்பதிவுக் கருவியைச் சித்தப்பாவின் தலையணைக்குப் பின்னால் வைத்தபோது எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து அவர் கண்ணயர்ந்திருந்தார். பஞ்சாலையில் முப்பது வருஷம் தூசியைச் சுவாசித்த நெஞ்சு அது. இழுக்கும்போது ஒரு கீச்சு, விடும்போது அடியில் ஒரு கரகரப்பு, நடுவில் திடீரென்று ஒரு நிறுத்தம். அடுப்படியில் சித்தி பாத்திரம் எதையும் உருட்டிவிடக் கூடாதே என்பதுதான் என் ஒரே கவலை.

நான் சினிமாவுக்கு ஒலி அமைப்பவன். ஆனையூரில் ஓர் அறைதான் என் ஸ்டுடியோ. அப்போது ஒரு திகில் படம் கையில் இருந்தது. கொலைகாரன் கதவுக்கு வெளியே நிற்கிறான், உள்ளே இருக்கும் பெண்ணுக்கு அது தெரியாது. இயக்குநர் அந்த இடத்தில் வயலின் வேண்டும் என்றார். இசை வந்தால் ‘இப்போது பயப்படு’ என்று பார்ப்பவனுக்குச் சொல்லிக் கொடுத்ததாகிவிடும் என்று வாதாடி, அதை மொத்தமாக நீக்கினேன். மின்விசிறியின் முனகலை மட்டும் வைத்து, அதையும் மெல்லக் குறைத்து, காது எதையாவது தேடத் தொடங்கும் நேரத்தில், பின்பக்க ஸ்பீக்கர்களில் சித்தப்பாவின் மூச்சை விட்டேன். அந்த நிறுத்தம் வரும்போது கதவின் தாழ்ப்பாள் அசையும். தியேட்டரில் அந்த நேரம் பாப்கார்ன் மெல்லும் சத்தம்கூட இல்லை.

எங்கள் குடும்பத்தில் ஒருவன் பெயர் திரையில் வருகிறது என்றால் சொந்தபந்தம் முழுக்க வேன் பிடித்து வந்துவிடும். சித்தப்பாவும் வந்தார். படம் முடிந்ததும் என் தோளைப் பிடித்து, “ஏய்யா, அந்தப் பய மூச்சு விடுறப்ப எனக்கே ஈரக்கொல நடுங்கிருச்சு. எம்புட்டு பயங்கரமாப் பண்ணிருக்க” என்றார். சொல்லிவிட்டுச் சுவரில் கைவைத்து மூச்சு வாங்கினார். தன் மூச்சு வெளியே எப்படிக் கேட்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் பல்லைக் காட்டிக்கொண்டு பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

அதோடு வாயை மூடியிருந்தாலும் தப்பித்திருப்பேன். ஒரு யூடியூப் பேட்டியில், அந்தச் சத்தத்தை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சித்தப்பா, ஆலை, தலையணை, கைக்குட்டை என்று ஒன்றுவிடாமல் சிரித்துக்கொண்டே சொன்னேன். இரண்டே நாளில் அவர் தினமும் போகும் விளாங்குடி டீக்கடையில் எல்லார் போனிலும் அந்தப் பேட்டி ஓடியது. அவர் பெஞ்சில் உட்காரும் முன்பே யாரோ, “கொலைகாரரு வாராரு, கதவச் சாத்துங்கப்பா” என்றிருக்கிறார்கள். கேலிதான். அவரும் சிரித்தாராம். மறுநாளிலிருந்து கடைக்குப் போகவில்லை.

இதைச் சித்திதான் போனில் சொன்னார். “ஒன்னய ஒரு வார்த்த திட்டலப்பா. கலியாண வீட்டுக்குக் கூப்புட்டாத்தான் வர மாட்டேங்கிறாரு. நாலு பேரு சாப்புடுற எடத்துல என் சத்தம் எதுக்குங்கிறாரு.” கூசிப்போய் நின்றேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

போன வாரம் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்ததுமே சித்தப்பா ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார். “வாய்யா” என்றார். அடுத்த படம் என்ன என்று விசாரித்தார். அந்தச் செய்தி இரைச்சலுக்கு மேல் மன்னிப்பை நான் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. “அட விடுய்யா, படம் நல்லாத்தான இருந்துச்சு” என்றவர் வாயை இறுக மூடிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைக்க, பனியனுக்குள் நெஞ்சு விம்ம, என் முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டுப் போகச் சொன்ன சித்தியிடம் வேலை இருப்பதாகப் பொய் சொல்லி எழுந்தேன். நான் கிளம்பினால்தான் அவரால் மூச்சுவிட முடியும்.