முனிசாமி அழுத்திய பட்டன்

திருவிடந்தையில் முனிசாமி என்றால் தண்ணீர் லாரி. மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, அடுத்தவன் லாரியில் கிளீனராக ஏறியவர். இன்று மூன்று டேங்கருக்கு முதலாளி. கடலோர ரிசார்ட்டுகளில் பாதிக்கு அவர் தண்ணீர்தான். "எனுக்குத் தெரியாத இஞ்சினு இந்த ஏரியாவுல எங்க கீது, காட்டு" என்பார். யாரும் காட்டியதில்லை. எங்கே எந்த வண்டி நின்றுபோனாலும் அவர் கை பட்டால் கிளம்பிவிடும். அந்தக் கையில் கனமாக ஒரு வெள்ளிக் காப்பு. முதல் டேங்கர் வாங்கிய அன்று போட்டது.

மகள் ரேணுகாவுக்குப் பதினாறு வயதில் ஒரு காய்ச்சலோடு பார்வை போனது. அன்றிலிருந்து அவளுக்காகப் பேசுவதும், அவள் தட்டில் மீனுக்கு முள் எடுப்பதும் அவர்தான். செங்கல்பட்டில் பார்வையில்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறார்கள் என்று அவள் போய்ச் சேர்ந்தபோது சிரித்தார்.

"கண்ணு தெரியாம இன்னாத்த அடிக்கப் போற?"

"நான் அடிக்கறத மிஷினே படிச்சுச் சொல்லும் நைனா."

அவர் நம்பவில்லை. ஆனாலும் தினமும் பஸ் ஏற்றிவிட்டார்.

மறைமலைநகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனிக்கு ஆள் எடுக்க, வசுமதி என்ற அதிகாரி பயிற்சி நடக்கும் இடத்துக்கே வந்து டெஸ்ட் வைத்தார். இருந்தது ஒரே வேலை. போனில் வரும் புகார்களைக் காதில் கேட்டுக்கொண்டே டைப் அடிக்க வேண்டும். ரேணுகா, கூடப் படிக்கும் ஜெபா, இன்னும் இரண்டு பேர் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தார்கள். முனிசாமி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே வந்திருந்தார். "பொண்ணு நடுங்குவா சார்" என்று சொல்லி, பயிற்சியாளர் ஜெரோமிடம் உள்ளே உட்கார அனுமதி வாங்கியிருந்தார். ஜெரோமுக்கும் பார்வை கிடையாது.

பாதி நேரம் போனபோது வசுமதி போன் பேச வெளியே போனார். முனிசாமி மெல்ல எழுந்து மகளின் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். அவள் விரல்கள் பறந்தன. எதிரே இருந்த திரையோ கன்னங்கரேல் என்று கிடந்தது. பக்கத்துத் திரையும் கறுப்பு. மிஷின் ஓடவேயில்லை, பாவம், இது தெரியாமல் பிள்ளைகள் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்! இந்த அறையில் கண் இருப்பவன் நான் ஒருத்தன்தானே என்று நினைத்தார்.

மேசைக்குக் கீழே இருந்த பெட்டியில் பட்டனைக் கண்டுபிடித்தார். பழைய லாரியைக் கிளப்ப செல்ஃப் அடிப்பதுபோல நன்றாக அழுத்திப் பிடித்தார்.

பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. ரேணுகாவின் விரல்களும் நின்றன.

"சார், எனுக்கு ஒண்ணும் கேக்கல."

"ஃபேன் ஓடுதே, கரண்ட் கீதே. யாராவது தொட்டீங்களா?" என்று ஜெரோம் கேட்டார். எழுந்து வந்து, தடவிப் பார்த்து, மறுபடி ஓடவிட்டார். அடித்ததெல்லாம் போயிருந்தது.

முனிசாமி பூனைபோல வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாரும் பார்க்கவில்லை. அந்த நினைப்பு வந்ததும் அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

வசுமதி திரும்பி வந்து, என்ன ஆச்சு என்று கேட்டார். "என் கால் பட்டுடுச்சு மேடம்" என்றாள் ரேணுகா.

"கம்பெனியிலயும் இப்படிக் கால் பட்டா என்ன பண்றதும்மா?"

நடுரோட்டில் நின்று போலீஸிடமே சத்தம் போடும் முனிசாமிக்கு வார்த்தை தட்டுத்தடுமாறித்தான் வந்தது.

"அது… நான்தாம்மா அமுக்கிட்டேன். திரை கறுப்பா இருந்திச்சு. ஆஃப்ல கீதுன்னு…"

"அண்ணாத்த, பாக்கறதுக்கு ஆளில்லாத ரூம்ல திரை எதுக்கு?" என்றார் ஜெரோம். "கரண்டு மிச்சமாவட்டும்னு நான்தான் எல்லாத்தையும் அணைச்சி வெச்சிருக்கேன்."

"லாரின்னு நெனச்சிட்டாரு போல" என்று ஜெபா சொல்ல, மற்ற இருவரும் சிரித்தார்கள். ரேணுகா சிரிக்கவில்லை.

மற்றவர்களுக்கு அநியாயமாகிவிடும் என்று, மிச்சமிருந்த நேரம் மட்டும்தான் கொடுத்தார் வசுமதி. ரேணுகா முதலிலிருந்து அடித்தாள். பாதிகூட முடியவில்லை. வேலை ஜெபாவுக்குப் போனது.

மகாபலிபுரம் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் முனிசாமி கேட்டார்.

"நான்தான்னு உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஹெட்போன் மாட்டினாலும் ஒரு காதை எப்பவும் வெளியதான் வுட்டு வெப்போம் நைனா. உன் காப்பு பொட்டியில இடிச்சிச்சு."

"அப்புறம் ஏன் கால்னு சொன்ன?"

"அத்தினி பேரு நடுவுல உன்னை எப்படிச் சொல்றது?"

அவர் காப்பைப் பிடித்து இழுத்தார். வருஷக்கணக்காய்க் கழற்றாதது, விரல் முட்டியைத் தாண்டி வரவில்லை.

"இழுக்காத. அது இல்லன்னா நீ எங்க கீறன்னு எனுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பிறகு, "அடுத்த தபா டெஸ்ட்டுக்கு நான் தனியா போறேன்" என்றாள்.

முனிசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பஸ் ஸ்டாப்பு வரைக்குமாவது வரட்டா?"

"பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வா."