தோணியில் வந்த மரக்கறி

தோணியின் நடுவில், மரக்கறிப் பைகளுக்கு இடையில், மடியில் ஒரு பூசணிக்காயைக் கட்டிப்பிடித்தபடி மச்சாள் உட்கார்ந்திருந்தார். மற்றக் கையில் விரித்த குடை. பின்னால் நின்ற தோணிக்காரர் நீண்ட கம்பை வாவியின் சேற்றில் ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தார். காலை வெயிலில், இக்கரையில் நின்ற எனக்கு முதலில் தூரத்தில் இரண்டு சிறு உருவங்களாகத்தான் தெரிந்தார்கள். கரைக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போதே மச்சாளின் குரல் வந்து சேர்ந்துவிட்டது. "புள்ள, முதல்ல இந்தப் பூசணியப் புடி! இந்த மனிசன் தோணிய ஆட்டுற ஆட்டில எனக்குச் சீவன் போகுது." தோணி ஆடவே இல்லை. தோணிக்காரர் சிரிப்பை மறைக்க மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதை நான் பார்த்துவிட்டேன்.

மச்சாள் என் கணவரின் அக்கா. தகப்பன் இறந்த பிறகு, இருபது வயது கடந்தவுடனேயே குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவர். தம்பியின் படிப்பும் மூத்த அண்ணனின் வீடும் அவர் அனுப்பியதில்தான் நடந்தன. திரும்பி வந்தபோது தலையில் நரை ஏறியிருந்தது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். ஆகவே வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், தண்ணீரின் விளிம்பை ஒட்டித் தாய்வழியில் வந்த துண்டு நிலம் அவருக்காகக் காத்துக் கிடந்தது. கிடந்தது என்றால் நாயுருவியும் முள்ளும் மண்டிக் கிடந்தது. வந்த கையோடு மச்சாள் அதற்குள் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான். "அங்க பிளாஸ்டிக் உறைக்குள்ள கிடந்த மரக்கறியச் சமைச்சுச் சமைச்சு, மண் ஒட்டின ஒரு வெண்டிக்காயக் காண ஆசையாக் கிடந்தது."

பங்குத் தோட்டம் என்ற யோசனை எங்கள் தபால் அலுவலகத்தில் பிறந்தது. என்னோடு வேலை செய்தவர்கள் சந்தையில் வாங்கும் கத்தரிக்காயில் பூச்சிமருந்து மணக்கிறது என்று ஓயாமல் குறைப்படுவார்கள். அதை மச்சாளிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பருவத் தொடக்கத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பங்கை ஏற்க வேண்டும், அதில் விதையும் எருவும் வாங்கப்படும், பிறகு அறுவடை ஓயும்வரை சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு ஒரு பை வரும் என்றார். தோட்டம் அள்ளிக் கொடுத்தால் பை நிறையும். பூச்சி தின்றால், மழை அழித்தால், பையும் மெலியும். "அப்ப ஆரும் மூஞ்சியச் சுளிக்கப்படாது. நட்டத்திலயும் பங்குதான்" என்று முதல் கூட்டத்திலேயே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தபால் அலுவலகத்தார், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் விரிவுரையாளர் ஒருவர், காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் என்று ஆட்கள் சேர்ந்தார்கள்.

அந்தத் தோட்டத்தின் நல்ல காலம் மாரி ஓய்ந்ததும் தொடங்கும். தை பிறந்து வெள்ளம் வற்றி, மண் கையில் பிடித்தால் உதிரும் பதத்துக்கு வந்துவிடும். மாசியில் விடியற்காலைப் பனி புடலங்கொடியின் சுருள்களில் முத்து முத்தாய் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பங்குக்காரர்களும் வேலைக்குப் போவோம். கொச்சி மிளகாய் நாற்றுகளை வெயில் தாழ்ந்த பிறகே நட வேண்டும். நட்டவுடன் ஒவ்வொன்றுக்கும் இலையோடு ஒரு கிளிசரியா மரக் கொப்பைக் குத்தி நிழல் கொடுக்க வேண்டும். விரிவுரையாளர் நட்ட வரிசை எப்போதும் வாவியைப் பார்த்து வளைந்துபோகும். "சேர், உங்கட கொச்சிக்குத் தண்ணி குடிக்கப் போற எண்ணம் போல" என்பார் மச்சாள். பங்குனியில் பந்தலின் கீழ் குனிந்து நடப்பது எனக்குப் பிடித்த வேலை. பிஞ்சுப் புடலங்காய்கள் வளையாமல் நீள, ஒவ்வொன்றின் நுனியிலும் சிறு கல்லைக் கட்டுவோம். காற்று வந்தால் கற்கள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுக்கும். வேப்பம்பூ வாசமும் ஈரச் சாணத்தின் வாசமும் சேர்ந்து அடிக்கும். தோட்டத்துத் துரவில் ஊறும் தண்ணீர் அந்த மாதங்களில்தான் நல்ல இனிப்பு. கோடை முற்றினால் அதில் உப்புச் சாயல் ஏறிவிடும். ஆகவே எல்லாவற்றையும் அதற்குள் காய்க்க வைத்துவிட வேண்டும் என்று மச்சாள் எங்களையும் செடிகளையும் ஒரே குரலில் விரட்டுவார்.

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற அந்த வருடத்தில்தான் தோணி வந்தது. அதுவரை பைகளை ஓர் ஓட்டோக்காரர் பாலத்து வழியாகச் சுற்றி நகருக்குக் கொண்டுவருவார். மாசி கழியும்போது அவருடைய ஓட்டோ வரிசையிலேயே குடியிருக்கத் தொடங்கியது. தோட்டத்திலோ கத்தரியும் பயற்றங்காயும் பறிக்கப் பறிக்கக் காய்த்தன. எங்கள் வீடுகளில் சமையல் எரிவாயுவும் இல்லை. மரக்கறியோடு கொஞ்சம் விறகும் அனுப்பச் சொல்லிப் பங்குக்காரர்கள் கெஞ்சினார்கள். ஒரு சனிக்கிழமை மச்சாள் தோட்டத்து விளிம்பில் நின்று, வலை இழுத்துக்கொண்டு போன தோணிக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டிருக்கிறார். "அங்கால கரைக்கு இதக் கொண்டுபோய்க் குடுப்பீங்களா?" அவர் தோணியைத் திருப்பிக் கரைக்கு விட்டார். பைகளைத் தனியாக அனுப்ப மனம் வராமல் தானும் ஏறிக்கொண்டார், தண்ணீரென்றாலே பயப்படும் என் மச்சாள். நான் முதலில் சொன்ன காட்சி அந்தக் காலையில் கண்டதுதான்.

தோணிக்காரர் அடுத்த ஊர்க்காரர். மனைவி காய்ச்சலில் போய் வெகுகாலம். ஒரே மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். வாய் திறப்பது அருமை. கூலியாக அவர் கேட்டது ஒரு பை மரக்கறி மட்டும். அடுத்த சனிக்கிழமை, நேரத்தோடு வந்து புடலைக்குக் கல் கட்டினார். அதற்கடுத்த கிழமை, வாவியில் படர்ந்து கிடந்த ஆற்றுவாழைச் செடிகளைத் தோணி நிறைய அள்ளிவந்து எருக்குழியில் போட்டார். மச்சாள் அதற்கும் ஏசினார். "ஆரு உங்கள இதெல்லாம் செய்யச் சொன்ன?" ஆனால் சனிக்கிழமைகளில் மச்சாளின் தேநீர்ச் சட்டியில் ஒரு கோப்பைக்குக் கூடுதலாகத் தண்ணீர் கொதித்தது. தோணியில் குடை பிடிக்கும் கை மெல்ல மெல்லப் பின்பக்கமாகச் சாய்ந்து, நின்று தள்ளுகிறவருடைய தலைக்கும் நிழல் கொடுக்க முயல்வதைக் கரையிலிருந்து நான் கவனித்தேன். எட்டவில்லை. ஆனாலும் சாய்ந்திருந்தது.

நான் கவனித்ததை ஊரும் கவனித்தது. ஒரு நாள் பின்னேரம் நாங்கள் நாற்று மேடைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது, மூத்த அண்ணன் சைக்கிளை உழக்கி வந்து இறங்கினார். வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரியண்ணன். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"தங்கச்சி, அந்தத் தோணிக்காரன்ட தோணியில நீ இனி ஏறப்படாது."

"ஏன் அண்ணன்?"

"ஊர் சிரிக்குது. இந்த வயசுல அவனக் கலியாணமும் முடிக்கப் போறாய் எண்டு கதைக்கிறாங்க."

மச்சாள் பூவாளியைக் கீழே வைத்தார். "குவைத்துக்கு நான் போகக்குள்ள இந்த ஊர் என்னோட வந்ததா?"

பெரியண்ணனின் முகம் அப்போது போன விதத்தை இன்னும் மறக்கவில்லை. கோபம்தான் என்று முதலில் நினைத்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "சொல்றதச் சொல்லிட்டன்" என்றார். சைக்கிள் மேட்டில் ஏறி மறையும்வரை மச்சாள் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு எனக்குச் சொன்னார்: "அண்ணன்ட மனசு நோகும் புள்ள. தோணி வேணாம்."

அந்தச் சனிக்கிழமை மச்சாள் சைக்கிளில் சாக்குகளைக் கட்டி, பாலத்து வழியாகச் சுற்றித் தள்ளிக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கால் வீங்கிப் போயிருந்தது. கொண்டுவர முடிந்தது பாதிப் பேருக்கும் காணாது. சித்திரை வருசப்பிறப்புக்கு இன்னும் ஒரு கிழமைகூட இல்லை. பை வாங்கக் கூடியிருந்தவர்கள் ஒன்றும் கேட்காமல், இருந்ததைப் பிரித்துக்கொண்டார்கள். ஹாஜியாருக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன தங்கச்சி, தோணி ஓட்டையாப் போச்சா?"

"தோணி நல்லாத்தான் இருக்கு ஹாஜியார். ஊர்ட வாய்தான் ஓட்டை."

"அப்ப ஊர்ட வாய அடைக்க எங்கட கத்தரிக்காயையா வெக்கிற?"

எல்லோரும் சிரித்தோம். மச்சாள் சிரிக்கவில்லை. கொடுத்த தேநீரை அப்படியே வைத்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

மறுநாள் ஞாயிறு. வருசப்பிறப்புக்கு முன் பறித்துத் தீர்க்கப் பங்குக்காரர்கள் கூட்டமாகவே போனோம். பயற்றம் பந்தலுக்குள் நாங்கள் நிற்கும்போது, மச்சாள் திடீரென்று காய்க் கடகத்தை இறக்கிவைத்துவிட்டு வாவிப் பக்கம் நடந்தார். கொஞ்சம் தள்ளிக் கரையில் தோணியைக் கவிழ்த்துவைத்து, தோணிக்காரர் அதன் அடிப்பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மச்சாளின் கையில் மண், பாவாடையில் மண், தலையில் ஒரு பயற்றங்கொடி. அவர் மெதுவாகப் பேசத் தெரியாதவர். ஆகவே நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"இஞ்ச பாருங்க. தோணியில வந்தாலும் ஊர் கதைக்கும், வராட்டியும் கதைக்கும். நாம கலியாணம் முடிப்பம்."

தோணிக்காரர் சுரண்டுவதை நிறுத்தினார். எழுந்து நின்று கைகளை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். விரிவுரையாளர் கையிலிருந்த பயற்றங்காயைக் கீழே போட்டுவிட்டது எனக்கு நினைவிருக்கிறது.

"கேக்கிறீங்களா, சொல்றீங்களா?"

"சொல்றன்."

"அப்ப சரி" என்றார் தோணிக்காரர். பிறகு எங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "தோணியப் பிரட்ட ஆராவது ஒரு கை புடிங்க, மரக்கறி வாடப்போகுது" என்றார்.

அந்த வருசப்பிறப்புக்கு எங்கள் எல்லோருடைய வீட்டிலும் புடலங்காய் இருந்தது. அது கழிந்த கையோடு பதிவுத் திருமணம் நடந்தது. என் கணவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். போடுமுன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பெரியண்ணனுக்குப் பயந்துவிட்டாரோ என்று பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. "அக்காட கலியாணத்தில நான் சின்னப் பொடியனா ஓடித் திரிஞ்சிருக்க வேணும்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

பெரியண்ணன் வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தகப்பன் போனபின் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டியவர் அவர். அவரால் முடியவில்லை. தங்கை விமானம் ஏறினாள், அவள் உழைப்பில் அவர் வீட்டுக்குக் கூரை வந்தது. அந்தக் கூரையின் கீழ் படுத்து எத்தனை வருடம் அதை நினைத்திருப்பாரோ. தோட்டத்தில் அன்று அவர் முகத்தில் நான் கண்டது கோபமல்ல, வெட்கம் என்று எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. மச்சாளுக்கு அது முன்பே தெரியும். அதனால்தான் ஒரு சொல் குறை சொல்லாமல், கிழமைக்கு ஒரு பையைப் பெரியண்ணன் வீட்டுக்கும் அனுப்பத் தொடங்கினார். பங்கில்லாத ஒரே வீடு அது. பையை அவருடைய மனைவி வாங்கிக்கொள்வார். அடுத்த கிழமை கழுவி மடித்த வெறும் பையாக அது திரும்பி வரும். வேறு ஒரு சேதியும் வராது. இப்படியே வருடங்கள் ஓடின.

எங்கள் வழக்கப்படி தோணிக்காரர் மச்சாளின் வளவோடு வந்துவிட்டார். வலையைப் பந்தற்காலில் காயப்போட்டு ஏச்சு வாங்குகிறார். பெற்றோல் வரிசையெல்லாம் போய்விட்டது, ஓட்டோ பழையபடி ஓடுகிறது. ஆனாலும் சனிக்கிழமைப் பைகள் தோணியில்தான் வருகின்றன. கேட்டால், தோணியில் வந்தால் கீரை வாடுவதில்லை என்கிறார் மச்சாள். வெயிலில் வருகிற கீரை எதில் வந்தாலும் வாடத்தான் செய்யும்.

இந்தச் சித்திரை வருசப்பிறப்புக்கு மறுநாள் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கடைசி நாற்றுகளுக்கு நிழல் குத்திக்கொண்டிருந்தோம். பெரியண்ணன் வீட்டிலிருந்து யாரோ பையை வாசல் படலையில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மச்சாள் வழக்கம்போல உதறி மடிக்கப்போனவர், கையை நிறுத்திவிட்டார். உள்ளே ஏதோ இருந்தது. வெளியே எடுத்துப் பார்த்தார். நூல் சுற்றிய வெற்றிலைச் சுருள்கள், கைவிசேசம். வருசப்பிறப்புக்கு மூத்தவர் வெற்றிலையில் காசு வைத்து இளையவர் கையில் கொடுப்பது.

ஒன்றல்ல, இரண்டு.

மச்சாள் அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, வாவிப் பக்கம் திரும்பி, படுவான்கரை முழுக்கக் கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

"இஞ்ச வாங்க! அண்ணன் உங்களுக்கும் ஒண்டு அனுப்பியிருக்கார்."