இறால் குஞ்சுகளைக் காக்கவைத்த மத்தியானம்

எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைக்கப் போவதில்லை. ஆலங்குடாப் பக்கம் எங்களுக்கு ஓர் இறால் குளம் இருக்கிறது. முந்தைய தடவை விட்ட குஞ்சுகளில் பாதிக்கு மேல் இரண்டே நாளில் செத்துப்போயின. இந்தத் தடவையும் செத்தால் குளத்தை விற்றுவிடுவதென்று மாமா, அதாவது என் கணவரின் வாப்பா, முடிவெடுத்திருந்தார்.

புதுக் குஞ்சுகள் லொறியில், ஐஸ் வைத்துக் குளிர்ந்த தண்ணீர்ப் பைகளில் வந்தன. குளமோ உச்சி வெயிலில் சுட்டது. மாமா வழக்கம்போல பையை அவிழ்த்துக் கொட்டப் போனார்.

"கொட்டவேணாம் மாமா. பையோட மிதக்க விடுங்க," என்றேன்.

"லொறி நிக்குது மகள். றாலுக்கு என்ன, சளியா புடிக்கப் போகுது?"

லொறிக்காரர் சிரித்தார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. இப்படி ஒரு வாக்குவாதம் வருமென்று முதல்நாளே ஃபிரிட்ஜில் வைத்திருந்த இரண்டு எண்ணெய்ப் போத்தல்களைக் கொண்டுவந்து அவர் முன்னால் கவிழ்த்துக் காட்டினேன். தேங்காய் எண்ணெய் அசையவில்லை. மீன் எண்ணெய் ஓடியது.

"ரெண்டும் கொழுப்புதான் மாமா. எங்களப் போல உடம்புச் சூட்ட ஒரே அளவுல வச்சிக்க றாலுக்கு ஏலாது. அதனால குளிர்ல இந்த மீன் எண்ணெய் மாதிரி இளகின கொழுப்ப உடம்புல வச்சிக்கும், சூட்டுக்குப் போனா தேங்காய் எண்ணெய் மாதிரி இறுகினதா மாத்தும். முழுசா மாற நாள் எடுக்கும். சூடு மெல்ல ஏறினா அதுவரைக்கும் தாங்கும். ஒரேயடியா ஏறினா அந்த இளகின கொழுப்பு இன்னும் இளகிப் போகும், எப்படித் தாங்கும்?"

மாமா பையைக் கீழே வைத்தார். பைகளை மிதக்கவிட்டு, இடைக்கிடை குளத்துத் தண்ணீரைக் கோப்பையால் உள்ளே ஊற்றினேன். லொறிக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்ட பிறகுதான் பைகளைச் சரித்தேன். குஞ்சுகள் தாமாகவே நீந்திப் போயின. அந்தத் தடவை வலை கனத்தது. குளமும் எங்களிடமே இருந்தது.

அடுத்த தடவை குஞ்சு வந்த அன்று நான் புத்தளத்துக்குப் போயிருந்தேன். பயந்து பயந்து பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்தால், பைகள் எல்லாம் குளத்தில் மிதக்கின்றன. மாமா கையில் அதே இரண்டு போத்தல்கள். பக்கத்துக் குளத்துக்காரருக்கு, தானே கண்டுபிடித்ததுபோல விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் பெருமையும் ஒன்றாக வந்தன.

அதே லொறிக்காரர் ஒரு பையின் கட்டில் கை வைத்தார்.

"கைய எடு. எங்கட மகள் சொல்லணும்," என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அவிழ்க்கவா மகள்?"

பையிலும் குளத்திலும் கை வைத்துப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் பொறுங்க மாமா," என்றேன்.

அவர் பொறுத்தார்.