கொல்லைச் சுவரில் ஒரு வழி

எங்கள் வீட்டுக் கொல்லையில் நான் சுவர் எழுப்பியதற்குக் காரணம் பக்கத்து வீட்டுக் கோழிகள் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது பொய். காரணம் ஒரு ஸ்டூல்.

கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். தஞ்சாவூரின் ஓரத்தில், நெல்வயலாக இருந்து மனைகளாகப் பிரிந்த இடத்தில் வீடு. ஓய்வு பெற்ற புதிதில் பொழுது போகாமல் ரம்பம், இழைப்புளி, உளி எல்லாம் வாங்கினேன். யூடியூபில் பார்த்துப் பார்த்துச் செருப்பு அலமாரி ஒன்று செய்தேன். அது இன்றைக்கும் வாசலில் நிற்கிறது. மரத்தை இழைக்கும்போது சுருள் சுருளாக வந்து விழுமே, அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்குப் போதும். பாடம் நடத்திய காலத்தில்கூட அவ்வளவு நிம்மதியாக இருந்ததாக நினைவில்லை.

அந்த உற்சாகத்தில் மனைவிக்கு ஒரு ஸ்டூல் செய்ய இறங்கினேன். கொல்லைக் குழாயடியில் தரையில் உட்கார்ந்துதான் அவள் மீன் ஆய்வாள். முட்டி வலி வந்தபிறகு அப்படி உட்கார முடியவில்லை. தேக்குத் துண்டுகள் வாங்கிவந்து நான்கு கால்கள் அறுத்துப் பலகையில் பொருத்தினேன். ஒரு கால் குட்டையாக இருந்தது. அதற்குச் சமமாக மற்ற மூன்றையும் அறுத்தேன். இப்போது வேறொரு கால் குட்டை. மறுபடி அறுத்தேன். ஆட்டம் ஒருவழியாக நின்றபோது ஸ்டூல் முழங்கால் உயரத்தில் பாதிக்கு வந்திருந்தது. அதையே அவளிடம் கொடுத்தேன். "நல்லாருக்குங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

அப்போது எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் கிளுவை வேலிதான். அதில் ஓர் ஆள் நுழைகிற இடைவெளி உண்டு. பக்கத்து வீட்டு அம்மா பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர். கொஞ்சம் வயலும் உண்டு. சாயங்காலம் அந்த இடைவெளி வழியாக, நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் முருங்கைக்கீரையோ வாழைத்தண்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். எங்களுக்கு ஞாயிறு காலை மாதா கோயிலில் பூசை, அவர்களுக்கு வெள்ளிக்கிழமை விரதம். மற்ற நாட்களில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்துதான் மீன் ஆய்வார்கள்.

ஸ்டூலைக் கொடுத்த மறுநாள் நான் கொல்லைப் பக்கத்து அறையில் ஆணிகளைப் பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது.

"என்னக்கா இது, சார் ஸ்டூல் செய்யறாருன்னீங்க, மணை செஞ்சு குடுத்திருக்காரு?"

"சிரிக்காதடி, உள்ள இருக்காரு. இன்னும் ரெண்டு தடவை அறுத்திருந்தா வெறும் பலகையாயிருக்கும்."

"காலேஜ்ல கணக்கு வாத்தியாருன்னு சொன்னீங்க!"

"ஊருக்கெல்லாம் கணக்கு சொல்லிக்குடுத்த ஆளுக்கு நாலு காலு சமமா வரலடி."

இருவரும் சிரித்தார்கள். வேடிக்கைச் சிரிப்புதான், வன்மம் எதுவும் இல்லை. அது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு என் காது சுட்டது. வாழ்நாளில் என்னை யாரும் கேலி செய்து நான் கேட்டதில்லை. கேலி செய்த மாணவர்கள் என் முதுகுக்குப் பின்னால் செய்திருப்பார்கள்.

அந்தக் கோடையில் மகளின் பிரசவத்துக்காக மனைவி திருச்சி போனாள். பக்கத்து வீட்டுக் கோழிகள் என் கொத்தமல்லிப் பாத்தியை ஒருமுறை கிளறிவிட்டிருந்தன. அது போதுமான காரணமாகப்பட்டது. வேலியை வெட்டி எடுத்தேன். வெடித்துக் கிடந்த களிமண்ணில் கடைக்கால் தோண்டி, கொத்தனார் ஒருவரைக் கொண்டு தூண் மட்டும் நிறுத்திவிட்டு, ஹாலோ பிளாக் கல்லை நானே வரிசை வரிசையாக வைத்துக் கட்டினேன். ஆள் உயரத்துக்கும் மேலே. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் இம்மி பிசகாது. என் வாழ்நாளில் நான் சரியாகக் கட்டிய ஒரே பொருள் அந்தச் சுவர்.

மனைவி திரும்பிவந்து கொல்லைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"வழி எங்கங்க?"

"எந்த வழி?"

"அவ வர்ற வழி."

"கோழி வந்து எல்லாத்தையும் கிளறுது. வேலியில பாம்பு வேற அடையுது. வாசப்பக்கமா வரட்டுமே, நாலு எட்டுதானே?"

அவள் கிட்டே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். "நேரா கட்டியிருக்கீங்க" என்றாள். அந்தப் பாராட்டை நான் வெகுநாள் மனதில் வைத்து மகிழ்ந்துகொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சில வருடங்கள் அப்படியே போயின. சண்டை எதுவும் இல்லை. தெருவில் பார்த்தால் சிரித்துக்கொண்டார்கள். பொங்கலுக்குப் பொங்கலும் கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் வாசல் வழியாகப் போய்வந்தன. அதனால் எதுவும் கெட்டுப்போகவில்லை என்றே நினைத்திருந்தேன்.

மனைவிக்கு முட்டி ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்தபோது அந்த அம்மா பார்க்க வந்தார். வாசல் வழியாக. நல்ல புடவை கட்டி, தலைக்குப் பூ வைத்து, ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"வாங்க, உக்காருங்க" என்றாள் என் மனைவி. "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"எல்லாரும் நல்லாருக்காங்க. உங்களுக்கு வலி தேவலையா?"

காபி வந்தது. குடித்தார். மேற்கொண்டு பேச எதுவும் இல்லாமல் இருவரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். நான் அடுத்த அறையில் இருந்தேன். 'வாடி, போடி' என்று பேசிய வாய் 'வாங்க, உக்காருங்க' என்று சொன்னதைக் கேட்டபோதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. வாசல் வழியாக வந்தால் புடவை மாற்ற வேண்டும், கை வீசிக்கொண்டு வரக்கூடாது, வந்தவரை உட்காரவைத்து உபசரிக்க வேண்டும். நைட்டியும் ஈரக்கையுமாக வந்து நிற்க இருந்த ஒரே வழியை நான் அடைத்திருந்தேன். காலை நீட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கவேண்டிய என் மனைவிக்கு, பேச என்னை விட்டால் ஆள் இல்லை. நான் பேச்சுக்கு உகந்த ஆளும் இல்லை.

ஐப்பசி மழையில் கடைக்கால் மண் உப்பிச் சுவரில் படிக்கட்டு மாதிரி ஒரு விரிசல் ஓடியது. சிமெண்ட் வைத்து அடைத்திருக்கலாம். மழை விட்டதும் அந்த இடத்தில் உளியை வைத்துக் கற்களைப் பெயர்க்கத் தொடங்கினேன். கைத்தடியை ஊன்றி மனைவி கொல்லைக் கதவு வரை வந்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"வழி விடப்போறேன்."

"கோழிக்காகத்தானே கட்டினீங்க?"

அப்போது சொல்லிவிட்டேன். கோழி இல்லை, ஸ்டூல் என்று. ஜன்னல் வழியாகக் கேட்டதையும் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

"அதுக்காகவா? நீங்க கோழின்னு சொன்னதை நம்பி நான் அவகிட்டப் போயிச் சொன்னேங்க. உன் கோழியாலதான்டி சுவர் வந்துச்சுன்னு. மறுவாரமே அத்தனையையும் வித்துட்டா."

இது எனக்குத் தெரியாது. கோழிச் சத்தம் நின்றதைக்கூட நான் கவனித்திருக்கவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றேன். அந்த அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"உங்க கோழி மேல தப்பு இல்லம்மா. நான் பொய் சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் என் ஸ்டூலைப் பாத்துச் சிரிச்சீங்க. அந்த ரோஷத்துலதான் சுவர் கட்டினேன். மன்னிச்சுக்குங்க."

"எந்த ஸ்டூல் சார்?"

"மணைன்னு சொன்னீங்களே."

"நானா?" யோசித்துப் பார்த்தார். அவருக்கு ஞாபகமே இல்லை. "அஞ்சு கோழி சார். அதுல ஒண்ணு அடைக்கு உக்காந்திருந்துச்சு, அதையும் தூக்கிக் குடுத்தேன். அக்காவுக்குத் தொந்தரவாப் போயிட்டோமேன்னு எத்தனை நாள் மருகியிருப்பேன்." அடுப்படிப் பக்கம் திரும்பினார். "சரி, உலை கொதிக்குது. போயிட்டு வாங்க சார்."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வேலையை விடாமல் செய்தேன். பழைய கட்டில் ஒன்றைப் பிரித்து அதன் சட்டங்களில் நிலை செய்தேன், பலகைகளில் கதவு. சுவரில் விட்ட வழியில் நிலையை நிறுத்தி, மேலே இரண்டு வரிசைக் கல் வைத்துப் பூசி, கீல் மாட்டினேன். கதவு முனகாமல் திறந்தது. திறந்தே வைத்தேன். மனைவி குழாயடியில் நாற்காலி போடச் சொல்லி, சாயங்காலந்தோறும் அந்தக் கதவைப் பார்த்தபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் போயிற்று. யாரும் வரவில்லை. அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

அப்புறம் ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அக்கா, சார் இந்த வாசலை யாருக்குப் போட்டிருக்காரு?"

"உனக்குத்தாண்டி!"

"எனக்கா? நான் தலையை உள்ள நீட்டினா நெத்தியில்ல உடையும்?"

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்த அம்மா என் மனைவியைவிட ஒரு சாணுக்குமேல் உயரம். நான் நிலையின் மேற்சட்டத்துக்கு என் மனைவியைத்தான் அளந்திருந்தேன். வரப்போகிறவரை அளக்கத் தோன்றவில்லை.

"என்னை நிக்கவெச்சு அளந்தாருடி. கூப்ட்டு அளங்கன்னு சொல்ல மறந்துட்டேன்" என்றாள் மனைவி. அவள் குரல் உயர்ந்து கேட்டு எத்தனை நாளாயிற்று.

"இப்ப அளங்க சார்." குனிந்து உள்ளே வந்து, நைட்டியில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டு, சுவரில் முதுகை ஒட்டி நிமிர்ந்து நின்றார். நான் பென்சிலை எடுத்து அவர் தலைக்கு நேரே வைத்தேன்.

"அவ்வளவுதானா? தலையில புல்லுக்கட்டு இருந்தா?"

"புல்லுக்கட்டை எதுக்குடி எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றே?"

"வாசல்னு வெச்சா எல்லாத்துக்கும் சேத்து வைக்கணும்ல? இன்னும் மேல போங்க சார்."

"போதுங்க. அவ சொல்றான்னு ஏத்திக்கிட்டே போகாதீங்க, மேல கல்லு இல்லாம நிலை மழையில ஊறிப்போகும்."

"ஊறினா மேல ஒரு தகரம் போட்டுக்கலாங்க்கா."

"தகரத்துல மழை விழுந்தா ராத்திரி தூங்கவா முடியும்?"

அவர்கள் ஒரு முடிவுக்கு வரும்வரை, பென்சிலைச் சுவரில் அழுத்தியபடி கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தேன்.